மு.த. என்கிற தனக்கோடி

மேற்குத் தாம்பரம் ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரு மரக்கடைக்கும் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கும் நடுவில், ஓடு போட்ட சின்ன வீடு ஒன்று இருந்தது. வாசலில் நீலப் பலகை. 'புனித சூசையப்பர் நல்மரண சபை, மாநிலத் தலைமை அலுவலகம்.'

பெயரைக் கேட்டுப் பயப்பட ஒன்றுமில்லை. சாகக் கிடப்பவர்களைத் தனியே விடக்கூடாது என்பதுதான் அந்தக் கத்தோலிக்க சபையின் ஒரே நோக்கம். ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று தெரிந்தால் உறுப்பினர்கள் முறை வைத்துப் போய் உட்காருவார்கள், ஜெபமாலை சொல்வார்கள், தண்ணீர் ஊற்றுவார்கள், குருவானவரை அழைத்து வருவார்கள், உயிர் போனபின் பெட்டி தூக்குவார்கள். கன்னியாகுமரியிலிருந்து திருத்தணி வரை நூற்றுப் பன்னிரண்டு கிளைகள். சபையைத் தொடங்கியவர் தன் வீட்டையே எழுதி வைத்துவிட்டுப் போனதால் அலுவலகம் தாம்பரத்துக்கு வந்தது. தெற்கிலிருந்து வரும் ரயில்களெல்லாம் அங்கே நின்றுதான் போகும் என்பதால் அங்கேயே தங்கிவிட்டது.

1981இல் அந்த அலுவலகத்துக்குத் தமிழ் டைப்பிஸ்ட் தேவைப்பட்டது. அப்போது செயலராக இருந்த சவுரிமுத்து, பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கவில்லை. பக்கத்து இன்ஸ்டிட்யூட்டுக்குள் நுழைந்து, "இங்க யார் நல்லா அடிக்கிறது?" என்று கேட்டார். மாஸ்டர் கையைக் காட்டிய இடத்தில் தனக்கோடி உட்கார்ந்திருந்தாள். இரும்புலியூர் முனிரத்தினத்தின் மகள். வயது இருபத்திரண்டு. டைப்பிங்கில் ஹையர் பாஸ் பண்ணியிருந்தாள். அவர்கள் வீட்டுக்கு எதிரே ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலத்தை மனைமனையாகப் பிரித்து, கல் நட்டு, நம்பர் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மகள் வேலைக்குக் கிளம்பினாள்.

முதல் வாரமே ஒரு சுற்றறிக்கை அடிக்கக் கொடுத்தார்கள். பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"சார், இதுல 'அவஸ்தைப்பூசுதல்'னு கீது. யாருக்கு இன்னா அவஸ்தை? எதைப் பூசணும்? தப்பா எழுதிட்டீங்களா?"

சவுரிமுத்து சிரித்த சிரிப்பில் மேஜை ஆடியது. பிறகு, சாகும் தறுவாயில் குருவானவர் எண்ணெய் பூசி ஜெபிக்கும் சடங்கு அது என்று சொன்னார். தனக்கோடி சிரிக்கவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் அந்தச் சொல்லை எழுதி, பக்கத்தில் அர்த்தத்தை எழுதினாள். அந்த நோட்டு முடிவதற்குள் இன்னொரு நோட்டு வாங்கினாள். இரண்டு வருடத்தில் சபையின் நிர்வாகிகளே, 'ஆத்துமத் திருநாளுக்கு முந்தைய நவநாள் எப்போது தொடங்குகிறது' என்று அவளைக் கேட்கும் நிலை வந்தது. அவளோ வெள்ளிக்கிழமைதோறும் இரும்புலியூர் எல்லையம்மன் கோயிலில் விளக்கேற்றிவிட்டுத்தான் வேலைக்கு வருவாள். நெற்றியில் குங்குமம் மாறியதே இல்லை.

1984இல் கல்யாணம். மாப்பிள்ளை தட்சிணாமூர்த்தி, குரோம்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். கல்யாணத்துக்கு மறுவாரம் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அலுவலகம் திறந்திருந்தது.

1986இல் சவுரிமுத்து ஓய்வு பெற்று மகன் வீட்டோடு திருச்சிக்குப் போய்விட்டார். அடுத்த செயலர் யார் என்ற கேள்வி வந்தபோது அத்தனை பேரும் ஒருமுறை தனக்கோடியைப் பார்த்தார்கள். பிறகு விதிப் புத்தகத்தைப் பார்த்தார்கள். பதினான்காம் விதி தெளிவாக இருந்தது. 'அலுவலகச் செயலர் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கராக இருத்தல் வேண்டும்.'

ஆகவே ஓர் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்த சின்னப்பன் கௌரவச் செயலரானார். நேர்மையான மனிதர், கறாரானவர். ஆனால் சனிக்கிழமை பிற்பகல் மட்டும்தான் வருவார். தனக்கோடி அடுக்கி வைத்திருக்கும் கடிதங்களில் வரிசையாகக் கையெழுத்துப் போடுவார், ஒரு காபி குடிப்பார், போய்விடுவார். மற்ற ஐந்தரை நாளும் அலுவலகம் என்றால் தனக்கோடிதான். கிளைகளுக்குப் பதில், தேர்தல் அறிவிப்பு, இறந்த உறுப்பினர் பட்டியல், ஸ்டென்சில் வெட்டிச் சுற்றறிக்கை ஓட்டுவது, சங்கப் பதிவாளருக்கு ஆண்டு அறிக்கை, பிஷப் தங்கும் ஆயர் இல்லத்துக்குப் பதில், எல்லாம் அவள். ஆனாலும் வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'டைப்பிஸ்ட்' என்றுதான் இருந்தது.

வெளியூர்க் கிளைகளுக்கு அவள் பெயர் தெரியாது. ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் இடப்பக்க ஓரத்தில், அடித்தவர் யார் என்று காட்டுவதற்காக இரண்டு எழுத்து இருக்கும்: மு.த. அதைத்தான் தெரியும்.

அந்த ஆண்டுகளில் அவள் செய்த ஒரு காரியம் சின்னப்பனுக்குப் பிடிக்கவில்லை. தாம்பரம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி என்று சுற்றுவட்டார உறுப்பினர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு அட்டை போட்டாள். பெயர், விலாசம், பங்குக் கோயில், சேர்ந்த தேதி. அதோடு நின்றிருக்கலாம். அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்து வைப்பாள். 'நர்ஸ், இரவு டூட்டி.' 'மாடி ஏற முடியாது.' 'போன் இல்லை. பி.பி. நம்பர், எதிர் வீட்டு டாக்டர்.' 'கிணறு உண்டு, கோடையில் வற்றும்.' 'இவர் சமையல் நூறு பேருக்குத் தாங்கும்.'

"இதெல்லாம் எதுக்கும்மா?" என்று சின்னப்பன் ஒரு சனிக்கிழமை ஓர் அட்டையைத் தூக்கிப் பிடித்துக் கேட்டார். "நாம சென்சஸ் ஆபீஸா நடத்தறோம்?"

"சாகக் கிடக்கிறவங்க வூட்டுக்கு ஆள் அனுப்பறோம் சார். மாடி ஏற முடியாதவங்களை மூணாவது மாடிக்கு அனுப்பிச்சா அவங்களையும் சேர்த்துப் பாக்கணும்."

சின்னப்பன் அட்டையை மரப்பெட்டிக்குள் போட்டார். "டைம் வேஸ்ட்" என்றார். ஆனால் தடுக்கவில்லை.

அவளுக்காகப் பரிந்தவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் ஒருநாள், "பேசாம ஞானஸ்நானம் வாங்கிடு தனக்கோடி. நாளைக்கே நீ செயலர். இருக்கிற ஒரே பிரச்சினையும் தீந்துபோச்சு" என்றார்.

"வேலைக்காக சாமியை மாத்திக்கினா எந்த சாமி என்னை மதிக்கும் சார்?" என்றாள் தனக்கோடி. கோபமில்லாமல்தான் சொன்னாள். சொன்னவர் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. உள்ளறையிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்த சபையின் இயக்குநர் ஃபாதர் இஞ்ஞாசி, அன்று மாலை கிளம்பும்போது அவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார்.

1991 மே மாதம் சபைக்கு ஐம்பதாவது ஆண்டு. மூன்று நாள் மாநில மாநாடு. தேதி ஓராண்டுக்கு முன்பே குறித்தாகிவிட்டது: இருபத்திரண்டு முதல் இருபத்து நான்கு வரை. தாம்பரத்தில் கன்னியர் நடத்தும் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கல். பல்லாவரத்திலிருந்து சமையல்காரர். தண்ணீருக்கு லாரி, ஏனென்றால் பள்ளிக்கூடக் கிணறு ஏப்ரலிலேயே சேறாகிவிட்டது.

இருபத்திரண்டாம் தேதி காலை ஊர் விழித்தபோது ஸ்ரீபெரும்புதூர்ச் செய்தி எல்லா வீட்டு ரேடியோவிலும் ஓடிக்கொண்டிருந்தது. முன்னாள் பிரதமர் முந்தின இரவு குண்டு வெடித்து இறந்துபோயிருந்தார். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பஸ் இல்லை, ஒரு லாரி இல்லை. கடைகள் அத்தனையும் ஷட்டர் இறக்கியிருந்தன. எங்கோ டயர் எரிந்த புகை.

தனக்கோடி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். "இன்னிக்கு எங்க போறே?" என்று தட்சிணாமூர்த்தி கேட்டதற்கு, "ராத்திரியே ரயில் ஏறிட்டாங்க. வந்து நிப்பாங்க" என்றாள். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கூடவே வந்தான்.

வந்துதான் நின்றிருந்தார்கள். தெற்கிலிருந்து புறப்பட்ட வண்டிகள் விடியற்காலையில் தாம்பரத்தோடு நின்றுவிட்டன. பிளாட்பாரம் முழுக்க மூட்டையும் பெட்டியும். கழுத்தில் சபையின் நீல ரிப்பன் போட்ட கூட்டம். பெண்கள், வயதானவர்கள், கைத்தடி ஊன்றியவர்கள். ஃபாதர் இஞ்ஞாசி அவர்களை ஒழுங்காகப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக்கொண்டு வந்தார். எண்ணிப் பார்த்ததில் நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

பள்ளிக்கூடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. லாரி வராது. பல்லாவரத்துச் சமையல்காரர் வர வழியில்லை. ஏழரை மணிக்கே வெயில் சுட்டது. எட்டு மணிக்கு ஒரு போலீஸ் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார்.

"ஃபாதர், தடை உத்தரவு போட்டிருக்காங்க. நானூறு பேரை ஒரே இடத்துல வெச்சிருக்க முடியாது. வெளியில இருக்கிறவன் என்ன கூட்டம்னு கேட்டு வந்தான்னா நான் பொறுப்பில்ல. மதியத்துக்குள்ள கலைச்சிடுங்க."

"எங்க சார் போவாங்க? எல்லாம் வெளியூர்க்காரங்க."

"அது எனக்குத் தெரியாது. கலைச்சிடுங்க."

ஜீப் போனதும் நிர்வாகிகள் வேப்பமரத்தடியில் கூடினார்கள். சின்னப்பன் சேலையூரிலிருந்து நடந்தே வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. திரும்ப ஸ்டேஷனுக்கே அனுப்பிவிடலாம் என்றார் ஒருவர். ஆளுக்கு நாலு பேரை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார் இன்னொருவர். "இங்க இருக்கிற நிர்வாகி பதினோரு பேர். நாற்பத்து நாலு ஆச்சு. மிச்சம்?" என்றார் சின்னப்பன். 

தனக்கோடி சற்றுத் தள்ளி நின்றிருந்தாள். கூட்டத்தில் பேசுகிற வழக்கம் டைப்பிஸ்டுக்குக் கிடையாது. அன்று பேசினாள்.

"ஃபாதர், நடந்து போற தூரத்துல நமக்கு நூறு வூடு கீது. எந்த வூட்ல எத்தினி பேர் படுக்கலாம், யார் வூட்ல தண்ணி, எல்லாம் என்கிட்ட இருக்கு. எனக்கு ஒரு பெஞ்சும் கையெழுத்து நல்லா கீற நாலு பேரும் குடுங்க. பன்னெண்டு மணிக்குள்ள அனுப்பிடலாம்."

ஃபாதர் சின்னப்பனைப் பார்த்தார். சின்னப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அந்த அட்டைப் பெட்டியா?" என்றார்.

"அதேதான் சார்."

தட்சிணாமூர்த்தி சைக்கிள் கேரியரில் கட்டி இரண்டு நடையில் நான்கு பெட்டிகளையும் கொண்டுவந்தான். பள்ளிக்கூட ஆபீஸில் போன் வேலை செய்தது. பக்கத்தில் ஒரு சிஸ்டர் உட்கார்ந்து, தனக்கோடி நீட்டுகிற அட்டையைப் பார்த்துப் பார்த்து பி.பி. நம்பருக்கெல்லாம் சுற்றினார். எதிர்வீட்டு டாக்டர், மூலைவீட்டு வாத்தியார், மருந்துக்கடைக்காரர் வீடு, எல்லோரும் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து வந்தார்கள். போன் எட்டாத தெருக்களுக்குச் சபையின் வட்டத் தலைவிகள் இரண்டிரண்டு பேராக நடந்தார்கள்.

தனக்கோடி பெஞ்சில் உட்கார்ந்தாள். இடது பக்கம் வீட்டு அட்டைகள். வலது பக்கம் மாநாட்டுக்கு வருகிறவர்கள் அனுப்பிய படிவங்கள். ஒவ்வொரு படிவத்திலும் வயது, உடல்நிலை, துணைக்கு யார் என்றெல்லாம் அவளே கேட்டு அச்சடித்திருந்தாள். இருதய நோய் என்று எழுதியிருந்த நாசரேத்துப் பக்கத்துப் பெரியவரை, கிழக்குத் தாம்பரத்தில் நர்ஸ் ரெஜினா வீட்டுக்குப் போட்டாள். கண் தெரியாத ஒருவரை, வாசற்படி இல்லாத வீட்டுக்கு. கைக்குழந்தைக்காரியைக் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு. துண்டுச் சீட்டில் பெயர், வீடு, அடையாளம், கூட்டிக்கொண்டு போகிறவர் பெயர் எழுதிக் கையில் கொடுத்தார்கள். படிவ விவரமெல்லாம் ஏற்கெனவே ஏறியிருந்த மாநாட்டு நோட்டில், அந்தந்தப் பெயருக்கு நேரே வீடும் ஏறியது.

வரிசையில் வந்த ஒரு அம்மாள் சீட்டை வாங்காமல் நின்றாள். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் கிளையின் தலைவி, பாக்கியத்தம்மாள். "ஏம்மா, இங்க 'மு.த.'ன்னு ஒருத்தர் உண்டுல்லா? அவரைப் பாக்கணும்" என்றாள்.

"நான்தான்மா."

பாக்கியத்தம்மாள் அவள் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தாள். பெஞ்சைச் சுற்றிக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரரு கடல்ல போனப்ப, பேரைப் பதிஞ்சுட்டோம்னு மட்டும் எழுதாம, 'உடல் கிடைச்சுதா அம்மா, நீங்க சாப்பிடுறீங்களா'ன்னு எழுதியிருந்தியேம்மா. ஆம்பளைன்னுல்ல நெனச்சேன். ஏ பிள்ளைகளா, இந்தா, மு.த. இதுதான்!"

வரிசை திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு ஆளாளுக்கு வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். தனக்கோடிக்குக் கண் கரித்தது. துடைக்க நேரமில்லை, அடுத்த அட்டையை எடுத்தாள்.

பதினொன்றரைக்கு எழுபத்து நான்கு வீடுகளில் இருநூற்று அறுபத்தெட்டு பேருக்கு இடம் கிடைத்திருந்தது. கன்னியர் மடத்தில் முப்பத்தொரு பெண்கள். மிச்சம் நூற்றுப் பதின்மூன்று பேர். நடக்கிற தூரத்தில் இடம் தரக்கூடிய உறுப்பினர் வீடு இனி இல்லை. இருக்கிற வீடுகளில் பாதிக்குத் தண்ணீர் இல்லை. புது லேஅவுட்டுகளில் எல்லோரும் லாரியை நம்பித்தான் இருந்தார்கள்.

தனக்கோடி எழுந்தாள். "இரும்புலியூர் போய்ட்டு வரேன் ஃபாதர்."

அவள் அண்ணன் ஜெயவேலு, அப்பாவுக்குப் பின் மிஞ்சிய நிலத்தில் வாடகைக்கு விடுவதற்காக ஆறு போர்ஷன் கட்டி முடித்திருந்தான். வெள்ளையடித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பின்பக்கம் பழைய பாசனக் கிணறு, பம்ப்செட்டோடு. எந்தக் கோடையிலும் வற்றாதது.

ஜெயவேலு வாசல் கேட்டை உள்பக்கம் பூட்டி வைத்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் கேட்டைத் திறக்காமலே நின்றான். "இன்னாமா பேசறே? ஊரே பத்திகினு எரியுது. யாரு எவருன்னு தெரியாத நூறு பேரைக் கொண்டாந்து என் வூட்ல வெச்சுக்கவா? நாளைக்குப் போலீஸு வந்து என்னைக் கேக்கும்."

தனக்கோடி கம்பி வழியாக நோட்டை உள்ளே நீட்டினாள். "யாருன்னு தெரியாதவங்க ஒருத்தர்கூட இதுல இல்ல அண்ணா. படிச்சுப் பாரு. பேரு, அப்பன் பேரு, ஊரு, எந்த வருஷம் சேந்தாங்க, எல்லாம் கீது. இந்தப் பத்தாவது பேரு, ரிடையர்டு போஸ்ட்மேன். இவரு கொத்தனாரு. இவங்க அஞ்சு பேரும் ஒரே தெரு. பத்து வருஷமா நான் இவங்களுக்குக் காயிதம் எழுதிகினு கீறேன். போலீஸு வந்தா இந்த நோட்டைக் காட்டு. மூஞ்சியைப் பாத்து யாரையும் நம்பச் சொல்லல, எழுத்தைப் பாத்து நம்பு."

ஜெயவேலு விரலை வைத்துப் பக்கம் பக்கமாகப் படித்தான். அவன் மனைவி பொன்னியம்மாள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "கைக்குழந்தை எத்தினி?" என்று கேட்டாள்.

"இதுல மூணு அண்ணி."

"அப்ப இன்னும் இன்னா படிச்சுகினு நிக்கறே?" என்று புருஷனைக் கேட்டுவிட்டு, பொன்னியம்மாள் சாவியை எடுத்துவரப் போனாள்.

ஆறு போர்ஷனில் அறுபது பேர். மீதி ஐம்பத்து மூன்று பேரை இரும்புலியூர்ச் சொந்தக்காரர்கள் பிரித்துக்கொண்டார்கள். பம்ப்செட் ஓட ஆரம்பித்தது. ஊரில் மிஞ்சியிருந்த இரண்டு மாட்டு வண்டிகளில் டிரம் ஏற்றி, மெயின் ரோட்டைத் தொடாமல் உள் தெருக்களிலேயே சேலையூர் வரை தண்ணீர் போயிற்று. அட்டையில் 'நூறு பேருக்குத் தாங்கும்' என்று குறித்திருந்த மூன்று பெண்களும் மூன்று இடத்தில் அடுப்பு மூட்டினார்கள். அரிசி வீடுவீடாக வந்தது. போலீஸ் அதிகாரி இரண்டு மணிக்குத் திரும்பி வந்தபோது பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு காக்கை நடந்துகொண்டிருந்தது.

"எங்க ஃபாதர் எல்லாரும்?"

"வீட்ல இருக்காங்க" என்றார் ஃபாதர் இஞ்ஞாசி. அன்று முதன்முறையாகச் சிரித்தார்.

அவர்கள் மூன்று நாள் தங்கினார்கள். மாநாடு நடக்கவில்லை. ஆனால் ஒருவர் பட்டினி கிடக்கவில்லை, ஒருவர் காணாமல் போகவில்லை. இரண்டாம் நாள் பிற்பகல் நாசரேத்துப் பக்கத்துப் பெரியவருக்கு மார்வலி வந்தது. நர்ஸ் ரெஜினா நாக்கடியில் மாத்திரை வைத்து, பக்கத்து வீட்டுக்காரரின் மூன்று சக்கர வண்டியில் படுக்கவைத்து, கூடவே ஓடி ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். அரைமணி தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார்கள். பெரியவர் பிழைத்தார்.

ரயில்கள் மறுபடி ஓடத் தொடங்கியதும் தனக்கோடி பிளாட்பாரத்தில் நோட்டோடு நின்று ஒவ்வொரு பெயராக டிக் அடித்தாள். நானூற்றுப் பன்னிரண்டாவது டிக் விழுந்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

தள்ளிப்போன மாநாடு அடுத்த ஆண்டு பிப்ரவரியில், அதே பள்ளிக்கூடத்தில் நடந்தது. நிகழ்ச்சி நிரலில் ஏழாவது தீர்மானத்தைப் பாக்கியத்தம்மாளின் கிளை அனுப்பியிருந்தது. 'பதினான்காம் விதியிலிருந்து ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர் என்ற சொற்களை நீக்குவது.' தீர்மானத்தை மேலும் அறுபத்து மூன்று கிளைகள் வழிமொழிந்திருந்தன. அந்தக் கடிதங்களைப் பிரித்து எண் போட்டுக் கோப்பில் வைத்தவளும் தனக்கோடிதான். ஒரு கடிதத்தைக்கூட அவள் யாரிடமும் காட்டிப் பேசவில்லை.

ஏழாவது தீர்மானம் வந்ததும் ஒருவர் எழுந்து, "சம்பந்தப்பட்டவங்க வெளியில இருக்கிறதுதான் முறை" என்றார். நியாயம்தான். தனக்கோடி எழுந்தாள். உடனே ஃபாதர் இஞ்ஞாசி, "அப்ப மினிட்ஸ் யார் எழுதறது?" என்று கேட்டார். மண்டபத்தில் எவரும் கை தூக்கவில்லை. அவள் மறுபடி உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள்.

சின்னப்பன் எதிர்த்துப் பேசினார். "அந்தப் பொண்ணு மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது. அஞ்சு வருஷமா நான் கையெழுத்துதான் போட்டேன், வேலை அவ செஞ்சா. அதை இங்கேயே சொல்லிடறேன். ஆனா இது பக்த சபை. இன்னிக்கு ஒரு நல்ல மனுஷிக்காக விதியை மாத்தினா, நாளைக்கு வேற யாரோ வருவாங்க. ஆளுக்கு ஆள் விதியை மாத்தக்கூடாது. இதுதான் என் கருத்து."

தனக்கோடி அதை ஒரு சொல் விடாமல் எழுதினாள்.

பாக்கியத்தம்மாள் எழுந்தாள். மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்தாள். "ஐயா சொன்னது சரிதான். ஆளுக்காக விதியை மாத்த வேணாம். விதி தப்பா இருக்குன்னுதான் மாத்தச் சொல்லுதோம். நம்ம சபையோட வேலை என்ன? தனியாக் கிடக்கிறவங்களைத் தனியா விடாம இருக்கது. போன வருஷம் நாங்க நானூறு பேரு தெருவுல கிடந்தோம். எங்களைத் தனியா விடாதது யாரு? பூசை வைக்கது சாமியாருங்க. ஜெபம் சொல்லுதது நாம. ஆபீஸை நடத்த, ஆபீஸ் நடத்தத் தெரிஞ்சவங்க வேணும். எனக்குப் பேச வராது, உக்காருதேன்."

ஃபாதர் இஞ்ஞாசி எழுந்து, ஆயரிடம் எழுத்து மூலமாகக் கேட்டுவிட்டதாகவும், அலுவலகப் பணிக்கு அவருக்குத் தடையில்லை என்று பதில் வந்திருப்பதாகவும் சொல்லிக் கடிதத்தை வாசித்தார். பிறகு சீட்டு வாக்கெடுப்பு. எண்ணி முடித்து ஒருவர் உரக்கப் படித்தார்: ஆதரவு முன்னூற்றுப் பதினெட்டு, எதிர்ப்பு நாற்பத்தொன்று.

கைதட்டல் கூரையைத் தூக்கியது. பின்வரிசைப் பெண்கள் குலவை போட்டார்கள். மேடை ஓரத்தில் தனக்கோடி குனிந்து, 'தீர்மானம் எண் ஏழு நிறைவேறியது' என்று எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோணியது. அடித்துவிட்டு நேராக எழுதினாள். எட்டாவது தீர்மானம், அவளைச் செயலராக நியமிப்பது. அதற்கு வாக்கெடுப்பே தேவைப்படவில்லை. அதையும் அவளே எழுதினாள்.

கூட்டம் முடிந்ததும் முதலில் மேடையேறியவர் சின்னப்பன். சட்டைப்பையிலிருந்து சபையின் ரப்பர் ஸ்டாம்பை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நான் எதிர்த்துதான் ஓட்டுப் போட்டேன்" என்றார்.

"தெரியும் சார்."

"முடிவாச்சுன்னா முடிவாச்சு. இனிமே சனிக்கிழமை நான் ஃப்ரீ." கிளம்பியவர் திரும்பினார். "அந்த அட்டைப் பெட்டியை மழையில நனையாம ஸ்டீல் பீரோவுல வை. மரப்பெட்டி கரையான் பிடிக்கும்."

"நீங்களே ஒரு நாள் வந்து இன்னா சைஸு வாங்கறதுன்னு சொல்லுங்க சார்."

"பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அடுத்த வாரம் அளவு நாடாவோடு வந்தார்.

தனக்கோடியின் காலத்தில் நூற்றுப் பன்னிரண்டு கிளைகள் நூற்றைம்பதுக்கு மேல் ஆயின. அட்டை முறையைக் கற்றுக்கொள்ள மதுரையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் கன்னியர்கள் வந்து ஒரு வாரம் தங்கிப் போனார்கள். தொண்ணூற்றாறில் கம்ப்யூட்டர் வந்தது. அதன்முன் முதல் மாதம் விரல் கூசி உட்கார்ந்தவள், மூன்றாம் மாதம் அதை விற்க வந்தவனுக்கே தப்பைக் காட்டிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவது நிற்கவில்லை. அவள் அறைச் சுவரில் சூசையப்பர் படம் இருந்தது. மார்ச் மாதம் அவர் திருநாளன்று பூ வாங்கி வருகிற பொறுப்பை யாருக்கும் அவள் விட்டுக்கொடுத்ததில்லை.

செயலரான மறுநாள், திங்கட்கிழமை, ஒன்பது மணிக்கு அலுவலகத்தைத் திறந்து ஜன்னலைத் தள்ளிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கூடுவாஞ்சேரியில் ஒரு வயதானவர் படுக்கையில் விழுந்துவிட்டார், வீட்டில் யாரும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசுகிறார். தனக்கோடி ஒரு கையால் அட்டைப் பெட்டியை இழுத்துக்கொண்டே பேசினாள்.

"நல்மரண சபை செயலர் தனக்கோடி பேசறேன். விலாசம் சொல்லுங்க. ஒரு மணி நேரத்துல எங்க ஆளு அங்க இருப்பாங்க."

நாற்பது நிமிடத்தில் இருந்தார்கள்.